முகம் தெரிந்த கல்

மாதப்பக் கவுண்டர் கல்லின் மேல் போர்த்தியிருந்த மஞ்சள் துணியை இழுத்தார். ஒரு மூலை சிக்கிக்கொண்டது. இன்னொரு முறை இழுத்ததும் முழுவதும் நழுவி விழுந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பம்பைக்காரர் இரண்டு தட்டுத் தட்டி ஓய்ந்தார்.

எனக்கு முன்னால் நின்ற எட்னா அம்மையார் குனிந்து பார்த்தார். இந்தக் கல்லுக்காகவே அமெரிக்காவிலிருந்து வந்தவர். கல்லில் முதலில் தெரிந்தது அவருடைய முகம்தான். வெயிலுக்குப் போட்டிருந்த துணித்தொப்பி, மூக்குக்கண்ணாடி, பின்னால் புளியமரத்தின் கிளை, கிளைக்குக் கீழே வாயைத் திறந்தபடி நான்.

எத்தனையோ காலம் மழையிலும் விளக்கெண்ணெயிலும் கிடந்த கல் அது. சில மாதங்களுக்கு முன் நான் தடவிப் பார்த்தபோது பாசியும் பிசுக்குமாகக் கை வழுக்கியது. இப்போது நகைக்கடை வாசற்படி மாதிரிப் பளபளத்தது.

நடுவில், தங்க நிறப் பெயின்ட் ஊற்றிய புத்தம்புது எழுத்துகளில் ஒரு பெயரும் ஒரு வருஷமும் வெட்டியிருந்தன. இரண்டும் நான் சொன்னவை.

தெரியாத தேதி

தொப்பூர்க் கணவாயில் லாரிகள் கவிழும் வளைவைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஓமலூர் வாசகர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். எந்தச் சாலை எந்த மாதம் அகலமானது என்பது வரை சொல்கிறீர்களே, உங்களுக்குத் தெரியாத தேதி என்று ஒன்று உண்டா என்று கேட்கிறார்.

பாராட்டாகத்தான் கேட்டிருக்கிறார். படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

உண்டு, ஐயா. அதைச் சொல்ல எண்பதுகளின் நடுப்பகுதிக்குப் போக வேண்டும். சரியாக எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். இந்த அத்தியாயத்தில் மட்டும் எந்த ஆண்டையும் எண்ணால் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் வாயால் சொன்ன ஓர் எண் என்ன ஆயிற்று என்பதைப் படித்தால் உங்களுக்கே காரணம் விளங்கும்.

தவழ்ந்தீர்களா, நடந்தீர்களா?

அப்போது நான் தர்மபுரியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கடைவீதியில் அத்தா வைத்திருந்த பாத்திரக்கடை தம்பிக்குப் போயிற்று. எனக்கு சைக்கிளும் பஸ்ஸும் ஊர் ஊராகச் சுற்றும் பிழைப்பும் வாய்த்தன. எங்கள் ஜமாத்தில் சில பெரியவர்களுக்கு இன்சூரன்ஸ் என்ற சொல்லே பிடிக்காது. அந்தச் சண்டைகளை முன்பே எழுதிவிட்டேன்.

இந்தத் தொழிலில் முதல் கேள்வி வயது. பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் நடுத்தர வயதுக்காரர்கள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. "நாப்பதுன்னு போடுங்க, இல்லாட்டி அம்பதுன்னு போடுங்க, உங்களுக்கு எது தோதோ" என்பார்கள். எனக்கு அது ஆகாது. மேட்டூர் அணை நிரம்பியபோது நீங்கள் தவழ்ந்தீர்களா, நடந்தீர்களா என்று கேட்பேன். உங்களுக்கும் தம்பிக்கும் நடுவில் அம்மாவுக்கு ஏதாவது குறைப்பிரசவமா என்று கேட்டு அடியும் வாங்கப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒரு தேதியைப் பிடித்துவிடுவேன். ஒரு மனிதருக்கு அவருடைய பிறந்த வருஷத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் ஒரு போதை இருக்கிறது.

அந்தப் போதை வீட்டுக்கும் வந்தது. சுவரில் மூன்று காலண்டர் மாட்டியிருந்தேன். ஹிஜ்ரி ஒன்று, ஆங்கிலம் ஒன்று, பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷப் பெயர்களும் போட்ட தமிழ்ப் பஞ்சாங்கக் காலண்டர் ஒன்று. "மூணு இருந்தும் கேஸ் சிலிண்டர் எப்பத் தீரும்னு உங்களுக்குத் தெரியல" என்பாள் என் மனைவி.

மாதப்பக் கவுண்டரும் எனக்கு இப்படிக் கிடைத்தவர்தான். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில், உள்ளே தள்ளி, அள்ளி என்று முடியும் ஓர் ஊர். பெயர் வேண்டாம், மனிதர்கள் இருக்கிறார்கள். அவர் அங்கே ஊர்க்கவுண்டர். அவருக்கு வயது கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. கடைசியில் சொன்ன வருஷத்தைக் கேட்டுவிட்டு, "எங்க ஆத்தாளுக்கே தெரியாதது பாய்க்குத் தெரிஞ்சிருக்குது பாருங்கடா" என்று ஊரைக் கூட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து நான் சொல்லும் எந்த வருஷமும் அவருக்கு வேதம்.

இல்லாத சங்கத்துக்கு வந்த கடிதம்

ஒரு நாள் தபால்காரர் நீலமும் சிவப்பும் கரை போட்ட விமானத் தபால் ஒன்றை நீட்டினார். 'தலைவர், வரலாற்றுச் சங்கம், தர்மபுரி, இந்தியா' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது.

தர்மபுரியில் அப்படி ஒரு சங்கம் கிடையாது. அதைச் சொன்னேன். "சங்கம் கிங்கம்லாம் எனக்குத் தெரியாதுங்க பாய். செத்தவங்க கணக்குக் கேட்டுட்டுத் திரியறது இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்" என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

எழுதியிருந்தவர் எட்னா. நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அந்த ஊரை உண்டாக்கிய முதல் குடியேறிகளின் வரலாற்றை, தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில், தன்னைப் போன்ற பத்துப் பன்னிரண்டு வயோதிகர்களோடு சேர்ந்து தொகுத்துக்கொண்டிருந்தார். எல்லா அமெரிக்கச் சிற்றூர்களிலும் இப்படி ஒரு சங்கம் உண்டாம். அதனால் தர்மபுரியிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

பதில் எழுதினேன். 'நான் தலைவன்' என்று எழுதவில்லை. 'தலைவன் இல்லை' என்றும் எழுதவில்லை.

வெற்றாக விட்ட இடம்

அதன்பின் இரண்டு வருஷம் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. மரமே இல்லாத புல்வெளியில் மாட்டு வண்டியில் வந்து இறங்கியவர்கள், வீடு கட்ட மரமோ கல்லோ கிடைக்காமல், புல்லை வேரோடு கட்டிகட்டியாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும். மழை நின்ற பிறகும் இரண்டு நாள் சொட்டும். கோடையில் வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்று, காயப்போட்ட துணியையும் தின்று, ஏர்க் கைப்பிடியில் உப்பு ஊறிய இடத்தையும் கடித்துவிட்டுப் போயிருக்கிறது.

வெட்டுக்கிளி வந்த காலத்தை என் பஞ்சாங்கக் காலண்டரோடு ஒட்டிப் பார்த்தேன். அங்கே அவர்கள் வெட்டுக்கிளியோடு போராடி ஓய்ந்த கையோடு இங்கே தாது வருஷப் பஞ்சம் தொடங்கியிருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மனைவியிடம் சொன்னேன். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

எட்னாவின் ஒரு கடிதம் மறக்கவில்லை. எங்கள் ஊருக்கு என்ன வயது என்று கேட்டால் சின்னக் குழந்தை கூடச் சொல்லும், அதற்கு முன்னால் அங்கே வேட்டையாடி வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் எங்கள் சங்கத்தில் எல்லாருக்கும் இருமல் வந்துவிடும் என்று எழுதியிருந்தார். அந்த அத்தியாயத்துக்கு மூன்று முறை உட்கார்ந்தும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லையாம்.

அவர் எனக்கு எழுதியதற்குக் காரணம் லிடியா. முதல் குடியேறிகளில் ஒரு குடும்பத்தின் பெண். இருபது வயதுக்குச் சற்று மேலே இருக்கும்போது ஒரு மிஷனோடு இந்தியாவுக்குக் கப்பலேறினாள். அந்தத் தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றுவதற்காகச் சேலத்துக்கு மேற்கே மலைப்பக்கம் போனாள் என்ற ஒரு வரியோடு மிஷனின் குறிப்புகள் நின்றுவிடுகின்றன.

அங்கே ஊர்க் கல்லறையில் லிடியாவின் தாய் தன் கல்லுக்குப் பக்கத்தில் மகளுக்கும் ஒரு கல் நட்டிருந்தாள். பெயர், பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்புறம் வெற்றிடம். செய்தி வந்தால் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். செய்தி வரவில்லை. அந்த இடத்தின் புகைப்படத்தை எட்னா அனுப்பியிருந்தார். சாகும் முன் அதை நிரப்ப வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

அந்தப் படத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தேதி இல்லாத மனிதரைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

துரைசாணி கல்

கல்லைக் காட்டிக் கொடுத்ததே மாதப்பக் கவுண்டர்தான். பிரீமியம் வாங்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் கேட்டேன். "வெள்ளக்காரம்மாங்களா? எங்க தொரசாணி கல்லு இருக்குதே" என்று தோட்டத்தின் வழியாக அழைத்துப் போனார்.

புளியமரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். பஞ்சத்தில் ஒரு வெள்ளைக்காரி வந்து இந்த இடத்தில் கஞ்சித் தொட்டி வைத்தாள். வாந்திபேதி கண்டவர்களைத் தொட்டுத் தூக்கினாள். அதே வாந்திபேதியில் போனாள். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆடி மாதம் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முதல் செம்பு இந்தக் கல்லுக்கு. அவள் போன வருஷத்தின் பெயரையும் ஊர் நினைவில் வைத்திருந்தது. ஆங்கில ஆண்டு இல்லை, தமிழ் வருஷத்தின் பெயர்.

தமிழ் வருஷப் பெயர்களை நம்பிக் கணக்குப் போடுகிறவனுக்கு ஒரு குழி எப்போதும் வெட்டியே இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். ஊர் சொன்னது முந்திய சுற்றா, பிந்திய சுற்றா? முந்திய சுற்று என்றால் அது லிடியாவாக இருக்கலாம். பிந்தியது என்றால் இது வேறு யாரோ ஒரு வெள்ளைக்காரி. பஞ்சமும் வேறு ஏதோ ஒரு பஞ்சம். பிந்திய சுற்றைப் பார்த்திருக்கக்கூடிய கிழவர்களில் ஒருவர் கண்ணால் கண்டேன் என்றார், இன்னொருவர் பாட்டி சொன்னது என்றார். எது சரி என்று அந்தக் கல் ஒன்றுதான் சொல்ல முடியும்.

கல்லில் எழுத்து இருந்தது. விரலால் தடவினால் பள்ளங்கள் தட்டுப்பட்டன. ஆனால் மஞ்சளும் எண்ணெயும் பாசியும் ஏறிக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று.

மறுநாளே போயிருக்கலாம். இப்படிப்பட்ட கல்லை எப்படிப் படிப்பது என்று எட்னா எழுதியிருந்தார். மாவைத் தூவித் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலைத் திருப்பி அடிக்க வேண்டும். பள்ளம் மட்டும் வெளுத்து எழுந்து வரும். எங்கள் வீட்டில் மாவும் உண்டு, கண்ணாடியும் உண்டு. ஆனால் கல் கிடைத்த செய்தியை எழுதியதும் எட்னா புறப்பட்டு வருவதாகப் பதில் போட்டுவிட்டார். அப்படியானால் அவர் கண்முன்னாலேயே நான் கண்ணாடி பிடிக்க, அவர் படிக்கட்டும் என்று தோன்றியது. அந்தக் காட்சியை நான் பலமுறை மனதுக்குள் பார்த்திருந்தேன். அதில் நான் நன்றாகவே இருந்தேன்.

பென்னாகரத்து டீக்கடையில்

எட்னா வருவதற்குச் சில வாரங்கள் முன்பு கவுண்டரைப் பென்னாகரம் பஸ் நிலையத்து டீக்கடையில் பார்த்தேன். அம்மையார் வருகிறார், கல்லைக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வையுங்கள் என்றேன். கல்லில் இருக்கிற அம்மாவுக்குப் பெயர் என்ன என்றார். லிடியா என்றேன். எந்த வருஷம் போனார்கள் என்றார்.

நான் அங்கே 'தெரியாது' என்று சொல்லியிருக்க வேண்டும். டீக்கடையில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாது வருஷத்திலிருந்து விரல் விட்டு எண்ணி, முந்திய சுற்றுதான் என்று எடுத்துக்கொண்டு, ஓர் ஆண்டைச் சொன்னேன். கவுண்டர் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லி மனதில் வாங்கிக்கொண்டார்.

அந்தக் காலத்தில்தான் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அதற்கு முந்திய வருஷம் கவுண்டர் தன் குலதெய்வக் கல்லை டிராக்டரில் ஏற்றிப்போய் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாமி கல்லைப் பழசாக விட்டு வைப்பது அந்த ஊரில் அவமரியாதை. தேய்ந்தால் கொத்துவார்கள், கறுத்தால் தேய்ப்பார்கள், மங்கினால் பெயின்ட் அடிப்பார்கள். அந்தக் குலதெய்வக் கல்லை எனக்குக் காட்டியபோது 'பிரமாதம்' என்று நானே சொல்லியிருக்கிறேன்.

மெம்பர்கள்

எட்னா வந்தார். எழுபதை நெருங்கியவர், ஒல்லி, கேன்வாஸ் ஷூ. பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஊர் எல்லையில் பம்பையோடு காத்திருந்து அழைத்துப் போனார்கள். கவுண்டர் வீட்டில் ராகிக் களியும் கீரையும். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று கவுண்டரின் மனைவி செய்து காட்ட, இவர் விழுங்கிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் பையிலிருந்து சட்டம் போட்ட ஒரு பத்திரத்தை எடுத்தார். அவர்களுடைய சங்கம் எங்கள் சங்கத்துக்கு அனுப்பிய வாழ்த்துப் பத்திரம். 'தர்மபுரி வரலாற்றுச் சங்கத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. உறுப்பினர்கள் முன்னிலையில் கொடுக்க வேண்டும், எங்கே அவர்கள் என்று கேட்டார்.

களித்தட்டையே பார்த்தேன்.

கவுண்டருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 'மெம்பர்ஸ்' என்ற சொல் காதில் விழுந்திருக்கிறது, என் முகத்தையும் பார்த்திருக்கிறார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நாங்கதானுங்க மெம்பருங்க. இவர்தான் எங்க தலைவரு. சொல்லுங்க பாய், அப்பிடியே சொல்லுங்க."

வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "மெம்பருங்கல்லாம் கையத் தூக்குங்கப்பா" என்றார். ஆண், பெண், ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். எட்னா ஒவ்வொருவரிடமும் போய்க் கைகுலுக்கினார். பத்திரத்தைக் கவுண்டர் வீட்டுச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். ஒரு பெண் அதற்கும் குங்குமம் வைத்தாள்.

போகும் வழியில் கவுண்டர் என் தோளைத் தட்டி, "என்னங்க தலைவரே, சந்தா எவ்வளவு?" என்று காதோரம் கேட்டார். நான் சிரித்தேன். அவ்வளவு பெரிய மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதர் ஒரு கேலியோடு அதை முடித்துவிட்டார்.

இது நடந்த சற்று நேரத்தில்தான் புளியமரத்தடியில் மஞ்சள் துணி விழுந்தது.

"யார் படித்தது?"

எட்னா கல்லறைகளிலேயே வாழ்ந்தவர். புதுக் கல்லுக்கும் பழைய கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை. பளபளப்பைக் கையால் தடவினார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். பின்பக்கம் பழைய கல்லாகவே கறுத்திருந்தது. முன்பக்கத்தை மட்டும் இழைத்திருக்கிறார்கள்.

அவர் கோபப்படவில்லை. எங்கள் ஊரிலும் தேய்ந்த கல்லைத் திருப்பி வெட்டுவார்கள், பழைய எழுத்தைப் படித்து அப்படியே வெட்டுவோம், படித்தவர் பெயரையும் குறித்து வைப்போம் என்றார். பென்சிலை எடுத்தார். பெயரையும் வருஷத்தையும் எழுதிக்கொண்டார். வருஷத்தை ஒருமுறை கல்லோடு ஒத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பழைய எழுத்தை யார் படித்தது?"

நான் படித்தேன் என்று சொன்னால் போதும். கேள்வி முடிந்துவிடும். நெப்ராஸ்காவில் ஒரு கோட்டுக்கு அப்புறம் நான்கு இலக்கங்கள் ஏறும். அந்தம்மாள் நிம்மதியாக ஊர் திரும்புவார். ஊருக்குப் பெருமை, கவுண்டருக்குப் பெருமை. அந்த வருஷம் சரியாகவே இருக்கவும் இடமுண்டு.

யாரும் படிக்கவில்லை என்று சொன்னேன். அதை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னேன், ஊருக்குப் புரியாமல் முடித்துவிடலாம் என்று. பெயர் உங்கள் கடிதத்திலிருந்து வந்தது. வருஷம் என் கணக்கு. கணக்கில் அறுபது வருஷம் முன்பின் இருக்கலாம். இது லிடியாவாகவே இல்லாமலும் இருக்கலாம். கல் ஒன்றுதான் சொல்லியிருக்கும்.

பென்சில் நின்றது. எட்னா தன் எழுத்தின் மேல் ஒரு கோடு போடப் போய், போடாமல், காகிதத்தை மடித்தார். தொப்பியைக் கழற்றினார். முகம் சட்டென்று வயதாகிவிட்டது.

கைதட்டல் எப்போதோ நின்றிருந்தது. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னங்க பாய், அம்மா மொகம் வாடுது? எழுத்துல தப்புங்களா?" என்றார் கவுண்டர்.

ஒன்றுமில்லை, சொந்தக்காரியை நினைத்து அழுகிறார் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் அந்த அம்மையார் முன் நான் பட்ட வெட்கம் யார் மேலாவது இறங்க இடம் தேடிக்கொண்டிருந்தது. நூறு பேர் கேட்க, உரக்கச் சொன்னேன்.

"படிக்காதவன் பண்ற வேலையைப் பண்ணிட்டீங்களே கவுண்டரே. உள்ளே இருந்த எழுத்தையெல்லாம் இழைச்சுத் தள்ளிட்டீங்க. அதுக்காகத்தான் அந்தம்மா கடல் தாண்டி வந்திருக்காங்க."

கவுண்டர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"எழுத்து போனது எந் தப்புதானுங்க. கறுப்புப் புடிச்சுக் கெடந்துச்சு. அவங்க வூட்டு ஆளு வர்றப்ப எப்பிடிங்க அப்பிடியே காட்டறது? ஆனா வருசம் நீங்க சொன்னதுதானுங்களே பாய். நீங்க படிச்சுத்தான் சொல்றீங்கன்னு நெனச்சுட்டனுங்க."

நான் குனிந்து, விழுந்து கிடந்த மஞ்சள் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

தூள்

எட்னா நடந்ததை ஊகித்திருக்க வேண்டும். மொழிபெயர்க்கும்படி கேட்கவில்லை. புளியமர வேரில் உட்கார்ந்தார். கவுண்டரின் மனைவி செம்பில் கூழ் கொண்டுவந்தபோது எழுந்து, முதலில் கல்லுக்கு ஊற்றச் சொல்லி, பிறகு தான் வாங்கிக் குடித்தார். அந்தக் கல் யாருடையதாக இருந்தாலும் அவளுக்குக் கூழ் சேர வேண்டியதுதான் என்றார். அதை மட்டும் தமிழில் சொன்னேன். யாரும் தலையாட்டவில்லை.

பஸ் ஏறும் இடத்தில் கவுண்டர் என் பக்கம் திரும்பி, அம்மாவிடம் சொல்லுங்கள் என்றார்.

"அந்தக் கல்லுத் தூள அள்ளிட்டு வந்தாப் பிரயோசனம் உண்டுங்களா? பட்டறையில தண்ணி ஊத்தி ஊத்தித்தான் தேச்சாங்க. எல்லாம் ஓடையில போயிருக்கும். அப்பிடியும் போய்ப் பாக்கறனுங்க."

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்கு அதை ஆங்கிலத்தில் சொல்ல வாய் வரவில்லை. 'மிகவும் வருந்துகிறார்' என்று மட்டும் சொன்னேன். எட்னா அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பஸ் எடுக்கும் வரை விடவில்லை.

தர்மபுரி வரும் வரை அவர் பேசிய வார்த்தைகள் கொஞ்சம். எங்கள் ஊர்க் கல்லறைக் கல் காத்திருந்து பழகியது, இன்னும் கொஞ்சம் காத்திருக்கும் என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அந்த மனிதரிடம் நீங்கள் கத்தியிருக்க வேண்டாம் என்றார். சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விட்டு வைத்த இடம்

அடுத்த பிரீமியத்துக்கு நான் போகவில்லை. ஆளை அனுப்பினேன். அதற்கடுத்த முறை போனேன். கவுண்டர் வீட்டில் இல்லை. முருகன் படத்துக்குப் பக்கத்தில் பத்திரம் அப்படியே மாட்டியிருந்தது, குங்குமம் புதிதாக இருந்தது. தோட்டத்து வழியாகப் புளியமரத்தடிக்குப் போனேன்.

கல்லில் பெயரும் வருஷமும் இல்லை. உளியால் கொத்தி எடுத்திருந்தார்கள். சுற்றிலும் பளபளப்பு அப்படியே இருக்க, நடுவில் மட்டும் கரடுமுரடாக ஒரு பள்ளம்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கவுண்டர் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"உங்க கணக்கு நெசமான்னு ஒரு நாளைக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க சார். வெட்டிக்கலாம். எடம் உட்டு வெச்சிருக்கறேன்" என்றார்.

பர்ஸில் அந்தப் புகைப்படம் இருந்தது. எடுத்துக் காட்டலாமா என்று யோசித்து, எடுக்கவில்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இன்றுவரை இரண்டு இடமும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. எட்னா காலமான பிறகு அவருடைய சங்கத்திலிருந்து வந்த கடைசிக் கடிதமும் அதையே சொன்னது.

குனிந்து பார்த்தேன். கல்லில் என் நெற்றி தெரிந்தது, கண் தெரிந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் உளி கொத்திய பள்ளம்.

"வெயில் ஏறுதுங்க சார். வாங்க, டீ வெக்கச் சொல்றேன்" என்று கவுண்டர் முன்னால் நடந்தார்.

முதல் நாளிலிருந்து என்னைப் பாய் என்றே அழைத்த மனிதர்.